குன்னூருக்குப் பக்கத்தில் எது?

டெர்மினலை விட்டு வெளியே வரப் பிடிக்காதவர்களுக்காக எழுதப்பட்ட சின்னக் கருவி இது. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து என்டர் தட்டினால், சுற்றுவட்டார விமான நிலைய வானிலை நிலையங்களைத் தூர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் கடைசி மெட்டார் அறிக்கையையும் பக்கத்தில் போடும். பைத்தானில் எழுதியது, இலவசம், நிறுவ ஒரு வரி போதும். எழுதியவர் காலணா வாங்காமல் எழுதியிருக்கிறார். நான் சொல்லப்போவதோ பெரும்பாலும் குறை. அதனால் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் உள்ள வானிலை ஆப் ஒரு மேகப் படத்தைப் போட்டு 31 டிகிரி என்கிறது. அது எங்கே அளந்தது, எப்போது அளந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. பல நேரம் அது யாரும் அளந்ததே அல்ல, கணினி மாதிரி போட்ட கணக்கு. மெட்டார் அப்படியில்லை. விமானிகளுக்காக வெளியாகும் அறிக்கை அது. நம் பெரிய விமான நிலையங்களில் அரை மணிக்கு ஒன்று வரும்: காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிநிலை, அழுத்தம், எல்லாம் ஒரே வரியில். நேரம் மட்டும் உலகப் பொது நேரம், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எந்தத் தெர்மாமீட்டர் சொன்னது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. கருவி தரும் விடையை பைப் போட்டு கிரெப்புக்குத் தள்ளலாம். இணையம் இல்லாவிட்டாலும் நிலையப் பட்டியல் மட்டும் வரும்.

தூரத்தை மைலில் காட்டுவது ஒரு எரிச்சல். கிலோமீட்டருக்குத் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. ஒவ்வொரு தடவையும் போட வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளாது. அமெரிக்காவைத் தாண்டினால் மைலில் யோசிக்கிறவர்கள் எத்தனை பேர்?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. குன்னூரின் ஆயங்களைக் கொடுத்தேன். முதல் வரியில் கோயம்புத்தூர் வந்தது, சுமார் 45 கி.மீ. தஞ்சாவூருக்குக் கொடுத்தால் முதல் வரி திருச்சி, 47 கி.மீ. இரண்டு விடைக்கும் ஒரே தோரணை, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை துல்லியம். தஞ்சைக்காரர் திருச்சி வெப்பநிலையை நம்பலாம், இரண்டும் சமவெளி. குன்னூர் இருப்பது சுமார் 1,850 மீட்டரில், கோவை விமான நிலையம் 400 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பாடப்புத்தகக் கணக்கைப் போட்டாலே ஒன்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவனிடம் விசிறியைப் போடு என்கிறது கருவி.

கோபம் வரக் காரணம், கருவிக்கு இது தெரியும் என்பதுதான். அதன் நிலையப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயர், குறி, அட்சரேகை, தீர்க்கரேகைக்கு அடுத்த பத்தியிலேயே கடல் மட்டத்திலிருந்து உயரமும் இருக்கிறது. ஹாவர்சைன் சூத்திரத்தில் உருண்டைப் பரப்பின் தூரத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு உயரத்தைத் தொடவே இல்லை. காட்டவும் இல்லை.

வால்பாறைக்குக் கொடுத்தால் இன்னும் சுவாரஸ்யம். கோவை மாவட்டத்து ஊர்தான், ஆனால் முதலில் வருவது கொச்சியின் நெடும்பாச்சேரி, அறுபத்துச் சொச்சம் கி.மீ. கோவை அதற்குப் பின்னால். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இது சரியான விடைதான். கோவை மழை மறைவில் கிடக்கும்போது வால்பாறையும் நெடும்பாச்சேரியும் நனைந்துகொண்டிருக்கும். வெப்பநிலைக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது, நெடும்பாச்சேரி ஏறக்குறைய கடல் மட்டம்.

மீட்டியோஸ்டாட் என்ற பைத்தான் நிரலகம் இதை யோசித்துச் செய்திருக்கிறது. அதன் 1-ஆம் வரிசைப் பதிப்புகளில் ஓர் இடத்தை உயரத்தோடு கொடுத்தால், 35 கி.மீ. ஆரத்துக்குள், 350 மீட்டர் உயர வித்தியாசத்துக்குள் இருக்கும் நிலையங்களை மட்டுமே எடுக்கும். எடுத்த பிறகும் மிச்ச வித்தியாசத்துக்கு வெப்பநிலையைத் திருத்திக் கொடுக்கும். அந்த விதிப்படி குன்னூருக்குக் கோவை தேறாது. தகுந்த நிலையம் இல்லையென்றால் காலிப் பட்டியலை நீட்டும். எனக்கு அந்தக் காலிப் பட்டியல் போதும். நான் இந்தக் கருவியின் பைத்தான் நிரலில் நாலு வரி சேர்த்து உயரத்தையும் அச்சடிக்க வைத்துவிட்டேன். வரிசையை மாற்றவில்லை, கண்ணுக்குத் தெரிந்தால் நானே தள்ளிவிட்டுக்கொள்வேன்.

மழை அளவுக்காக இந்தக் கருவியை நிறுவ நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் மெட்டாரில் மழை, கனமழை, இடியுடன் மழை என்று குறி இருக்கும், எத்தனை மில்லிமீட்டர் என்று இருக்காது. அளவு இருந்திருந்தாலும் பக்கத்து நிலையம் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சென்னை மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., சுமார் 10 கி.மீ. தள்ளியுள்ள தாம்பரத்தில் 49 செ.மீ. இரண்டுக்கும் நடுவே பெரிய மலையும் இல்லை, கடலும் இல்லை.