சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் நடுவே இருக்கும் செர்கெல் சதுக்கத்தின் ரவுண்டானாவை முதலில் பார்ப்பவர் நீள்வட்டம் என்றே நினைப்பார். நின்று நிதானமாகப் பார்த்தால் சந்தேகம் வரும். பக்கங்கள் நேராக ஓடுவதுபோல் இருக்கும். நேர்கோடு எங்கும் கிடையாது. மூலைகள் இருப்பதுபோல் தெரியும். இதுதான் மூலை என்று விரல் வைக்க முடியாது.

அங்கே இருந்தது செவ்வக இடம். நீள்வட்டம் போட்டால் இரு முனைகளும் கூர்மையாகி, வண்டிகள் சட்டென்று திரும்ப வேண்டிவரும். வட்டத் துண்டுகள் எட்டை இணைத்துப் பார்த்தார்கள். ஒட்டுப்போட்ட இடங்கள் கண்ணை உறுத்தின. 1959-இல் டென்மார்க்கின் பீட் ஹைனிடம் கேட்டார்கள். கவிதையும் கணிதமும் சேர்ந்து வாய்த்த மனிதர் அவர்.

அவர் எடுத்துக் கொடுத்தது பிரெஞ்சுக் கணிதர் காப்ரியேல் லாமே 1818-இலேயே எழுதிவைத்த சமன்பாடு. நீள்வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. நடுவிலிருந்து அதன் கிடைத் தூரத்தைப் பாதி நீளத்தாலும், செங்குத்துத் தூரத்தைப் பாதி அகலத்தாலும் வகுத்து, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 வரும். வர்க்கம் என்றால் அடுக்கு 2. அந்த 2 ஏன் 3 ஆகவோ 4 ஆகவோ இருக்கக் கூடாது? லாமேயின் பொதுச் சமன்பாட்டில் அந்த இடத்தில் எந்த எண்ணும் உட்காரலாம். ஹைன் 2.5 வைத்தார், நீள அகல விகிதம் 6-க்கு 5. அந்த வடிவுக்கு சூப்பர் எலிப்ஸ் என்று பெயரிட்டார்.

இந்தக் குடும்பத்தை ரசிக்க எளிய வழி, வளைவைச் சுற்றி ஒரு சட்டம் போட்டு, நடுவிலிருந்து மூலைக்குக் கோடு இழுப்பது. வளைவு அந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறது? வட்டமும் நீள்வட்டமும் 71 சதவீதத் தூரத்தில். அடுக்கு 2.5 என்றால் 76. அடுக்கு 4 என்றால் 84. பழைய பிக்சர் டியூப் டிவியின் முகம் வந்துவிடும். அடுக்கு 1-இல் சாய்சதுரம். அதற்கும் கீழே போனால் பக்கங்கள் உள்நோக்கிக் குழிந்துவிடும். மூன்றில் இரண்டு என்ற அடுக்கில் பிறக்கும் நான்கு முனை நட்சத்திரத்துக்கு ஆஸ்ட்ராய்டு என்று பெயர். சுவரில் சாய்த்த ஏணி வழுக்கி இறங்கும்போது, அதன் எல்லா நிலைகளையும் தொட்டுச் செல்லும் வளைவு இந்த நட்சத்திரத்தின் கால்பாகம்தான்!

கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும் வித்தியாசம் ஒன்று உண்டு. சாதாரணமாக மூலை மழுக்கிய மேசையில் நேர்கோடு ஓரிடத்தில் முடிந்து, அதே இடத்தில் வட்டத் துண்டு தொடங்குகிறது. திருப்பம் திடீரென வருகிறது. சூப்பர் எலிப்ஸ் மேசையின் விளிம்பில் விரலை ஓட்டினால் திருப்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ரயில் பாதையை வளைக்கும்போதும் இதனால்தான் நேர்ப்பாதைக்கும் வட்டத்துக்கும் இடையே ஒரு இடைவளைவு வைக்கிறார்கள்.

அடுக்கு 2-ஐத் தாண்டிவிட்டால் நான்கு உச்சிகளிலும் வளைவின் அளவு பூஜ்யம். ஹைன் இதே வடிவத்தைச் சுழற்றி, உயரம் 4-க்கு அகலம் 3 என்ற கணக்கில் உலோக முட்டை செய்தார். நுனியின் மேல் அது நிற்கிறது, தட்டையாகத் தேய்க்காமலே. 2-ஐத் தாண்டிய எந்த அடுக்கிலும் முட்டை நிற்கும் என்பதால், 2.5 தான் சரி என்பதற்கு இது சான்றல்ல; ஆனால் முட்டை போலவும் இருக்கிறது, நிற்கவும் செய்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு ஏ4 தாள் போதும். அதை நாலாக மடித்து, மடிப்புகள் சேரும் மூலையிலிருந்து சென்டிமீட்டரில் புள்ளி வையுங்கள். கிடையாக 0, 2.5, 5, 7.6, 9.25, 9.9, 10 என்று போகும்போது மேலே 10, 9.9, 9.25, 7.6, 5, 2.5, 0. புள்ளிகளை ஸ்கேல் வைக்காமல் கையால் இணைத்து, வெட்டி, விரித்துப் பாருங்கள்.