மக்தூம் தந்த காணிக்கை

ஷாபிஈ மத்ஹபு வழங்கும் நம் கடற்கரை ஊர்களில் மதரசா வாசலை மிதித்தவர்களுக்குப் 'பத்ஹுல் முயீன்' என்னும் கிதாபை அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. தொழுகைப் பாடம் முதல் வாரிசுரிமைப் பாடம் வரை அதன் ஓரங்களில் குறிப்பெழுதியே எத்தனையோ தலைமுறை மாணவர்களின் மைக்கூடு வற்றியிருக்கிறது. அதனை இயற்றிய பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் வரலாற்று நூல் ஒன்றும் எழுதியுள்ளார்கள் என்பதைப் பலர் செவிவழியாக அறிவர். எடுத்து ஓதியவர் சிலரே. 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்பது அந்நூலின் பெயர். பறங்கியர் மலையாளக் கரையில் வந்திறங்கிய 1498ஆம் ஆண்டிலிருந்து 1583 வரை நடந்தவற்றை அது கூறுகிறது.

இந்நூலை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆகஸ்டு மாதமும் சனவரி மாதமும் வந்தால் நம் இதழ்களில் நாட்டு வரலாற்றின் சிறப்பு நாள்களை நினைவுகூரும் கட்டுரைகள் வரிசையாக வரும். மால்டாத் தீவில் சிறையிருந்த ஷைகுல் ஹிந்து மஹ்மூதுல் ஹஸன், கிலாபத்து இயக்கத்து அலீ சகோதரர்கள், 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்குத் தொகை கொடுத்த நம் வணிகர்கள் என்று பெயர்கள் அடுக்கப்படும். பெயர்களும் உண்மை, தியாகங்களும் உண்மை. ஆனால் அவற்றை எழுதும் குரல் மட்டும் நெஞ்சை உறுத்துகிறது. எதிரே யாரோ ஒருவர் நின்று, 'நீ இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தாய்?' என்று கேட்பது போலவும், நாம் பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுத்துக் காட்டுவது போலவும் அவை அமைந்துவிடுகின்றன. 1947க்குப் பின் நம்மவர்மீது விழுந்த ஐயப் பார்வைதான் இக்குரலைத் தோற்றுவித்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் நன்றி என்பது பெற்றதை எண்ணுவது. இக்கட்டுரைகளோ கொடுத்ததை எண்ணுகின்றன. இவற்றைப் படித்து வளரும் பிள்ளை, தன் நாட்டைத் தாயாக அறிவானா, கணக்குக் கேட்கும் முதலாளியாக அறிவானா?

மக்தூம் அவர்களின் நூல் வேறு குரலில் பேசுகிறது. முதலில் அதன் பெயரையே பார்ப்போம். 'துஹ்ஃபா' என்றால் காணிக்கை. முழுப்பெயரோ 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் ஃபீ பஃழி அக்பாரில் புர்துகாலிய்யீன்' என்பது. 'பஃழ்' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'போர்த்துக்கீசியரைப் பற்றிய சில செய்திகள்' என்றே ஆசிரியர் சொல்கிறார்கள். எல்லாச் செய்திகளும் தம்மிடம் உண்டு என்று உரிமை கொண்டாடவில்லை. இன்று நாற்பது பக்க நூலுக்கு 'முழு வரலாறு' என்று பெயரிடுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நூல் நான்கு பகுதிகளாக உள்ளது. அறப்போரின் சிறப்பும் சட்டங்களும் முதற்பகுதி. மலபாரில் இஸ்லாம் பரவிய வரலாறு இரண்டாம் பகுதி. அந்நாட்டு இந்துக்களின் வழக்கங்கள் மூன்றாம் பகுதி. பறங்கியர் வருகையும் அவர்கள் செய்த கொடுமைகளும் நான்காம் பகுதி.

இரண்டாம் பகுதியில் ஓர் இடம் ஆசிரியரின் நேர்மைக்கு உரைகல்லாக இருக்கிறது. மலையாள மன்னர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் கதை அக்கரை மக்களிடையே பெருமையோடு வழங்கிவந்தது. சமுதாயத்துக்குச் சிறப்புத் தரும் கதை அது. அதனை அப்படியே எழுதிச் சென்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மக்தூம் அவர்களோ அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்றும், அந்நிகழ்ச்சி ஹிஜ்ரி 200க்குப் பின் நடந்திருக்கவே இடமுண்டு என்றும் எழுதிவிட்டார்கள். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய கை, தம் இனத்தின் பெருமைக்காகவும் வளைந்து கொடுக்கவில்லை.

நூலின் நடுநாயகம் நான்காம் பகுதியே. மலபார் முஸ்லிம்கள் அந்நாட்டு இந்து மன்னர்களின் ஆட்சியில் எவ்வளவு நலமாக வாழ்ந்தார்கள் என்பதை அவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். ஜும்ஆத் தொழுகைக்கும் பெருநாள்களுக்கும் தடை இருக்கவில்லை. காழிகளுக்கும் முஅத்தின்களுக்கும் மன்னர்களே படி அளந்தார்கள். நம் வழக்குகளை நம் ஷரீஅத்துப்படி முடித்துக்கொள்ள இடம் தந்தார்கள். அடுத்து வரும் வாக்கியங்கள்தான் படிப்பவரைத் திடுக்கிட வைப்பவை. இத்தனை அருட்கொடைகளையும் பெற்ற முஸ்லிம்கள் அவற்றை மறந்தார்கள், இறைவனுக்கு மாறு செய்தார்கள், தமக்குள் பிரிந்தார்கள். அதனாலேயே பறங்கியர் அவர்கள்மீது ஏவப்பட்டார்கள் என்பது ஆசிரியரின் முடிவு. அரபு மொழியில் 'ஷுக்ர்' என்பதற்கு எதிர்ச்சொல் 'குஃப்ரான்'. நன்றி மறத்தலும் இறைமறுப்பும் அங்கே ஒரே வேரில் முளைத்த சொற்கள். மக்தூம் அவர்கள் ஒரு நாட்டின் துன்ப வரலாற்றை அந்த வேரிலிருந்தே எழுதத் தொடங்குகிறார்கள். பகைவரைத் திட்டுவதற்கு முன் தம்மவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் துணிவை அவர்களுக்குத் தந்தது இந்த நன்றியுணர்வுதான் என்பது நம் கருத்து.

பகைவரின் கொடுமைகளையும் அவர்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஹஜ்ஜுப் பயணம் தடுக்கப்பட்டது, கப்பல்கள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. ஹிஜ்ரி 915 ரமலான் 22, அதாவது 1510 சனவரியில், கோழிக்கோட்டுக்குள் புகுந்த பறங்கியர், மித்கால் என்னும் கப்பல் வணிகர் கட்டிய ஜாமிஉப் பள்ளிக்குத் தீயிட்டதைத் தேதியோடு குறிக்கிறார்கள். தோல்விகளுக்கும் தேதி உண்டு. ஹிஜ்ரி 944இல் (1538) குஞ்ஞாலி மரைக்காரும் அவர் தோழர்களும் நம் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் கப்பல்களைப் பறிகொடுத்த செய்தி, வெற்றிச் செய்திகளுக்கு உள்ள அதே அமைதியோடு எழுதப்பட்டிருக்கிறது. நாட்டின் சிறப்பு நாள்கள் என்றால் வெற்றி நாள்கள் மட்டுமே என்று எண்ணிப் பழகிய நமக்கு இது புதிது.

சாமூத்திரி மன்னரைப் பற்றி எழுதும்போது ஆசிரியரின் நன்றி ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது. செல்வத்தைச் செலவிட்டு, தம் நாயர் வீரர்களைப் பலிகொடுத்து, முஸ்லிம்களுக்காக நின்றவர் அவர். படையும் பொருளும் படைத்த முஸ்லிம் சுல்தான்களோ பெரும்பாலும் பாராமுகமாக இருந்தார்கள் என்று வருந்துகிறார்கள். இவ்வளவும் எழுதிய நூல் பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில்ஷாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருப்பதுதான் வியப்பு. காணிக்கைக்குள் கடிந்துரையை வைத்துக் கொடுத்தார்கள் என்றே தோன்றுகிறது.

1531இல் பறங்கியர் கட்டிய சாலியம் கோட்டை 1571இல் சாமூத்திரியின் படையிடம் வீழ்ந்தது. மன்னர் அதனைத் தரைமட்டமாக்கினார். கல்லும் மரமும் கோழிக்கோட்டுக்குப் போயின. ஒரு பகுதி, பறங்கியர் அழித்த பள்ளிவாசலை மீண்டும் எழுப்புவதற்குத் தரப்பட்டது. இந்து மன்னர் வென்ற கோட்டையின் கல் பள்ளிவாசலுக்குச் சுவரானதைவிட வேறு என்ன நன்றிச் சின்னம் வேண்டும்? மக்தூம் அவர்களோ இதற்கு ஓர் அலங்காரச் சொல்லும் சேர்க்காமல் கடந்து செல்கிறார்கள்.

இதே வெற்றியைக் கோழிக்கோட்டுக் காழி முஹம்மது அவர்கள் அரபுக் கவிதையாகப் பாடினார்கள். 'முஹ்யித்தீன் மாலை'யை 1607இல் இயற்றிய அதே பெருமகனார்தான். 'முஸ்லிம்களை நேசிக்கும் சாமூத்திரிக்குக் கிடைத்த தெளிவான வெற்றி' என்பது அக்கவிதையின் தலைப்பின் பொருள். மனிதருக்குக் காட்டும் நன்றியை இறைவனுக்குக் காட்டும் நன்றியோடு பிணைத்துப் பேசும் நபிமொழியை அறிந்த ஒரு காழி, வேற்றுச் சமய மன்னரின் புகழைத் தம் நூலின் நெற்றியிலேயே எழுதிவைத்ததில் வியப்பில்லை. எனினும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் நாம் மக்தூமின் உரைநடையையே எடுப்போம். கவிதை ஒரு வெற்றியின் களிப்பு. உரைநடையில் அதே சாமூத்திரி மரபினர் பறங்கியருடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளும் இடம்பெறுகின்றன. ஆண்டுக்கு நான்கு கப்பல்களை ஜித்தாவுக்கும் ஏடனுக்கும் அனுப்பும் உரிமைக்காகக் கோழிக்கோட்டிலேயே பறங்கியருக்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்ததும் அங்கே உண்டு. குறையை அறிந்த பின்னும் நிற்கும் நன்றிக்கு எடை அதிகம்.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. முதற்பகுதி பாடநூல் போல இருக்கிறது. எழுதியவர் ஃபக்கீஹ் என்பதை ஒரு வரியும் மறக்க விடுவதில்லை. மூன்றாம் பகுதியில் அண்டை வீட்டாரின் வழக்கங்களை விவரிக்கும்போது, வெளியே நின்று பார்ப்பவரின் வியப்பே மிகுதி. கப்பலோட்டிய எளிய மாப்பிள்ளைமாரின் பெயர்களும் நமக்குக் கிடைப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்தூம் அவர்களை 'முதல் விடுதலை வீரர்' என்று அழைக்க இப்போது சிலர் ஆசைப்படுகிறார்கள். இந்தியா என்னும் நாட்டுணர்வு அவர்களுக்கு இருந்ததாக நூலில் சான்றில்லை. அவர்கள் அறிந்தது மலபார் மண், அதன் மன்னர், தம் மக்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டினால் அவர்களையும் நம் பற்றுச்சீட்டுக் கட்டில் சேர்த்தவர்கள் ஆவோம்.

நூல் 1583உடன் நின்றுவிடுகிறது. 1600இல் சாமூத்திரியின் படையே பறங்கியரோடு சேர்ந்து நான்காம் குஞ்ஞாலியின் கோட்டையை வளைத்ததும், சரணடைந்த அவரைப் பறங்கியர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றதும் அதில் இல்லை. இருந்திருந்தால் மக்தூமின் பேனா அதனை எப்படி எழுதியிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. சாலியத்தை அழித்திருக்க மாட்டார்கள். குஞ்ஞாலியின் முடிவையும் விட்டிருக்க மாட்டார்கள்.

சென்னைப் பல்கலைக்கழக அரபுத் துறையின் முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1942இல் வெளியிட்டார்கள். மக்தூம் குடும்பம் மஅபர் கரையிலிருந்து பொன்னானிக்குச் சென்றது என்பது மரபு; அக்கரையின் மொழி பேசும் நாட்டிலிருந்தே நூல் உலகுக்குப் போயிற்று. மூலத்தை ஓத விரும்பும் மாணவருக்கு ஒரு சொல்: இதன் அரபு கடினமானதன்று. பத்ஹுல் முயீனின் நெருக்கடியான வாக்கியங்களில் மூச்சுத் திணறியவர் இதில் தாராளமாக நடக்கலாம். நான்காம் பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. முதற்பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.