வயலுக்குப் போதல்: கல்முனைக் கவிதையில் நிலமும் பொழுதும்

ஈழத்துக் கவிதை வளர்ச்சியிற் கல்முனைப் பகுதிக்குத் தனியிடம் உண்டு. பெரியநீலாவணையிற் பிறந்த நீலாவணனும் (1931 - 1975), கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமானும் (பி. 1944) அப்பகுதி ஈன்ற முதன்மையான கவிஞர்கள். இவர்களைப் பற்றிப் பேசுவோர் 'மண்வாசனை', 'இயற்கை ஈடுபாடு' என்னும் சொற்களோடு அமைந்துவிடுவது வழக்கம். இன்று அச்சொற்களோடு புதியதொரு பொருளும் சேர்ந்துள்ளது. அவசர வாழ்விற் களைத்தவர்கள் சற்றே நிதானித்து, வெளியில் நடந்து, இயற்கையோடு மீண்டும் உறவுகொள்ள வேண்டும் என்ற அறிவுரை எங்கும் கேட்கிறது. அதற்கு இக்கவிதைகளைச் சான்று காட்டலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இயற்கையைப் புகலிடமாகக் காணும் நோக்குக்கு ஒரு வரலாறு உண்டு. வேர்ட்ஸ்வேர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் தம் கவிதைத் தொகுதியை வெளியிட்ட காலம், இங்கிலாந்தில் ஆலைத் தொழில் பெருகிவந்த காலமாகும். இயற்கையை விட்டு விலகியவர்க்கே அதனிடம் திரும்பும் ஏக்கம் பிறக்கும். தமிழ் மரபு வேறொரு நிலையில் நின்று தொடங்கிற்று. நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அம்மரபில் நிலம் தனக்குரிய பொழுதோடுதான் வரும். மனிதர் தம் வசதிக்கேற்ப அதனுட் புகுந்து மீள முடியாது.

கல்முனையின் அமைப்பும் இதனை உணர்த்தும். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே நெருங்கிய குடியிருப்புகள். நெய்தலும் மருதமும் ஒரே ஊரின் இரு வாசல்கள் எனலாம். நீலாவணனின் மறைவுக்குப் பின் 1982இல் நூலுருப் பெற்ற 'வேளாண்மை' காவியம், மட்டக்களப்புப் பிரதேச உழவர் வாழ்வையும் வழக்காறுகளையும் அவர்தம் பேச்சுமொழியையும் உட்கொண்டது. இப்பிரதேசத்தில் வேளாண்மை என்பது தொழிலின் பெயர் மட்டுமன்று, வயலில் நிற்கும் நெற்பயிரின் பெயருமாகும். அறுவடையை 'வேளாண்மை வெட்டு' என்றே சொல்வர். பயிர் குடலையாகிக் கதிராகும்வரை உழவன் காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பில் நீர் பார்த்தலும் களை பிடுங்கலும் யானைக்கும் பறவைக்கும் விழித்திருத்தலும் அடங்கும். ஆகவே அங்குக் காணப்படும் நிதானம் பயிர் விதித்த நிதானம். அதனை ஓய்வெனக் கொள்வது வரம்பில் நின்று பார்ப்பவரின் மயக்கமேயாகும்.

இக்காவியத்தைப் பாடிய அதே கவிஞர் 'ஓ வண்டிக்காரா' என்னும் பாடலில், இருள் சூழுமுன் புதியதொரு பட்டினத்தை அடைந்துவிடத் துடிக்கிறார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவரை வெறும் கிராமியக் கவிஞராகக் காண்போர்க்கு இது முரணாகத் தோன்றலாம். உண்மையில் முரண் இல்லை. மாற்றத்தை விரும்பாதவராய்ப் பழமையிற் படுத்துறங்கும் மனம் அவருடையதன்று. ஆயினும் அந்த விரைவுக்கும் மாட்டின் நடையும் சூரியனின் சாய்வும் எல்லை வகுக்கின்றன.

நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977) தொகுதியில் இடம்பெறும் நெடுங்கவிதைகளுள் ஒன்றின் தலைப்பு 'நிலம் என்னும் நல்லாள்'. இத்தொடர் திருக்குறளின் உழவு அதிகாரத்திலிருந்து பெறப்பட்டது. அங்கே நிலமகள் களைத்தவரைத் தாலாட்டுபவளல்லள். ஒன்றுமில்லை என்று சோம்பியிருப்பாரைக் கண்டு நகுபவள். அதற்கு முந்திய குறளிலோ, உரியவன் வந்து பாராதிருந்தால் நிலம் மனைவியைப்போல் ஊடும் என்கிறார் வள்ளுவர். வெளியே போதல் என்பதற்குத் தமிழில் இதனினும் ஆழமான விளக்கம் அரிது. நிலத்திடம் நாம் பெறுவது எது என்று கேட்பதற்கு முன், நிலம் நம்மிடம் எதிர்பார்ப்பது எது என்று கேட்கவேண்டியுள்ளது.

எனினும் வள்ளுவர் கூறும் 'கிழவன்' நிலத்துக்கு உரிமையுடையவன். நாள்தோறும் வயலுக்குப் போயும் அதற்கு உரியவனாகாத கூலியாளிடம் நிலம் ஊடுமா? போடியாரின் நிதானமும் அவர் வயலில் வேலை செய்பவனின் நிதானமும் ஒன்றல்ல. இயற்கை உறவு பற்றிய எந்தப் பேச்சும் இவ்வேறுபாட்டை மறைக்குமாயின், அது அழகுணர்ச்சியின் பெயரால் அநீதியை மூடுவதாகும். நம் பிரதேச விமர்சனம் போதிய அளவு எழுப்பாத கேள்வி இது.

இன்று அறுவடை இயந்திரங்கள் வேளாண்மை வெட்டையும் சூடடித்தலையும் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. முதுகொடிய உழைத்தவர்க்கு அது ஓரளவு விடுதலை. பொலிப்பாட்டுக்கோ களமே இல்லாமற் போயிற்று. கடலும் முன்போல் வெறும் காற்று வாங்கும் இடமன்று. 2004 டிசெம்பர் 26இல் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் அது கொண்டுபோன உயிர்களை மறந்துவிட்டு எவரும் அம்மணலில் நடக்க இயலாது. எனவே இயற்கை ஆறுதல் தரும் என்ற ஒற்றை வாய்பாடு இம்மண்ணின் அனுபவத்துக்குப் போதாது.

நீலாவணனையும் நுஃமானையும் பாடமாகப் படிக்கும் நாம், நூலகத்தினின்று எழுந்து வயலுக்கும் கரைக்கும் போகத்தான் வேண்டும். அங்கே பார்வையாளராக நில்லாது, குடலையையும் கதிரையும் பெயர் சொல்லி அறியவும், யார் வயல், யார் உழைப்பு எனக் கேட்கவும் பழகுவோமாயின், அக்கவிதைகளின் நிதானம் நமக்கும் ஓரளவு வாய்க்கக்கூடும்.