போடுவது யார், எடுப்பது யார்?

'மருந்து வேலை செய்யுதா, இல்லையா?' என்பதோடு நின்றுவிடுகிறவர்களுக்கு நார்பிளான்ட் ஒரு வெற்றிதான். தீக்குச்சி அளவில் ஆறு சிலிக்கோன் குழாய்கள். மேல்கையில் தோலுக்கடியில் வைத்தால் ஹார்மோன் கொஞ்சங்கொஞ்சமாகக் கசியும். 5 வருஷம் கர்ப்பம் பற்றிய கவலையில்லை. வருஷத்துக்கு நூறு பெண்களில் ஒருத்திக்குக் கரு தங்கினாலே அதிகம்.

1990 டிசம்பரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. இரண்டே நாளில் 'பிலடெல்பியா இன்குயரர்' தலையங்கம் எழுதியது: கறுப்பர்களின் வறுமை குறைய வேண்டுமா, உதவித்தொகை வாங்கும் பெண்களுக்குக் கூடுதல் பணம் கொடுத்து இதைப் போடவைக்கலாமே! எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே மன்னிப்புக் கேட்டது. 1991 ஜனவரியில் கலிபோர்னியா நீதிபதி ஒருவர், பிள்ளைகளை அடித்த வழக்கில் ஒரு கறுப்பினத் தாய்க்கு இதைத் தண்டனையின் நிபந்தனையாகவே வைத்தார்.

கறுப்பினச் சட்டப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ் 1997இல் எழுதிய 'கில்லிங் த ப்ளாக் பாடி' இந்தச் சம்பவங்களை அடிமைக் காலத்திலிருந்து வரும் ஒரே வரலாற்றில் வைத்துப் பார்க்கிறது. அதுதான் நூலின் பலம்.

தாறுமாறான உதிரப்போக்கு, தலைவலி, எடை கூடுதல், மனச்சோர்வு. மருத்துவர் ஏட்டில் இவை பக்கவிளைவு. சுமக்கிற பொம்பளைக்கு இவைதான் அன்றாடம். மாத்திரை ஒத்துக்கலைன்னா நாளைக்கே நிறுத்திவிடலாம். குழாயை அவளே எடுக்க முடியாது. டாக்டரிடம் கேட்டு நிற்க வேண்டும். ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டம் போடுவதற்குக் காசு கொடுத்தது. காலத்துக்கு முன்பே எடுக்கச் சொன்னால், சில மாநிலங்களில், 'மருத்துவக் காரணம் காட்டு' என்றது. பெண்ணின் நினைவை நம்பியிராததுதான் இந்தச் சாதனத்தின் திறன். அவள் விருப்பத்தையும் நம்பியிராமல் போகிற ஆபத்து அதற்குள்ளேயே இருக்கிறது.

நூலில் குறையும் உண்டு. வழக்குகளும் சட்டங்களும் பேசுகிற அளவுக்கு, இதை விரும்பிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த பெண் பேசவில்லை. அவளும் நம்மவள்தான். கருத்தடை வேண்டும் என்பதும் அவள் உரிமை.

2002இல் நார்பிளான்ட் அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது. இன்றைய ஒற்றைக் குச்சி இன்னும் திறனுள்ளது, எடுப்பதும் சுலபம். ஆனாலும் நார்பிளான்ட் இந்தியப் பெண்கள் உடம்பிலும் சோதிக்கப்பட்டதுதான். ஆகவே இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது, தோழர்களே. குச்சியோடு எவர் வந்தாலும் முதலில் கேளுங்கள்: 'எடுக்கச் சொன்னா, அன்னைக்கே எடுப்பீங்களா?'