சேது எனும் ஈரெழுத்து

உரோமப் பேரரசன் அகசுத்தசு தன்னைத் தெய்வத்தின் மைந்தன் என்று காசிலே பொறித்துக்கொண்டான். காசு சென்ற இடமெல்லாம் அவ்வுரிமைக் குரலும் சென்றது. தமிழ் மன்னரும் இக்கலையை அறிந்தவரே. அவர்தம் முறை இன்னும் அடக்கமானது.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் ஒருபுறம் நிற்கும் மனித உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது' என்னும் சொல். நந்தியைக் கண்டதும் சைவப் பற்று என்று கூறி அமைவார் பலர். அது பாதி விளக்கமே. நிற்கும் உருவம் அவர்க்கே உரியதன்று. இராசராசசோழன் காசிலும், சோழர்க்குப் பகைவரான சிங்கள மன்னர் காசிலும் அவ்வடிவே காணப்படும். வணிகர் கண்ணுக்குப் பழகிய முகம் அது, அவ்வளவே. எனவே புதுச்செய்தி முழுவதும் மறுபுறத்தே உள்ளது.

ஆங்கும் பெரும்பாலான காசுகளில் மன்னன் பெயர் இல்லை. இதனைப் பணிவு என்று கொள்ளுதல் பொருந்தாது. சேது, இராமேசுவரத்துப் புனிதத் துறை. 'சேதுகாவலர்' என்பது அம்மன்னர்தம் பட்டம். திருத்தலத்தின் பெயரை வணங்குவோன் அதன் காவலனையும் உடன் ஏற்றவனாகிறான். எவ்வளவு சிக்கனமான சொல்லாட்சி! போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியபோது, எதிர்க்கரையில் இராமநாதபுரத்து மறவர் தலைவர் அச்சொல்லையே பட்டமாகப் பூண்டு, சேதுபதி என ஆண்டுகொண்டிருந்தனர்.