புதியவருக்கு முதலிடம்

எளிமை என்னும் சொல்லை நாம் எளிதாகக் கையாண்டு விடுகிறோம். இல்லாமையையும் எளிமை என்கிறோம். வேண்டாமென்று விட்டொழித்ததையும் எளிமை என்கிறோம். விட்டொழித்ததைப் பற்றிப் பெருமை கொள்வது மூன்றாவது வகை. அது எளிமையின் உடையில் வரும் செருக்கு. இவ்வேறுபாட்டை அண்மையில் நமக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. கணிப்பொறிக்கான ஒரு சிறு மென்பொருள்.

கணிப்பொறியில் நாம் தொடங்கும் ஒவ்வொரு பணியும் திரையில் ஒரு சாளரமாக விரிகிறது. எந்தச் சாளரம் எங்கே, எவ்வளவு இடத்தில் நிற்பது என்பதை ஒழுங்குபடுத்தும் நிரலைச் சாளர மேலாளர் என்பர். லினக்ஸ் போன்ற அமைப்புகளில் இத்தகையவை பல உள. அவற்றுள் ஒன்று, ஆன்செல்ம் கார்பே 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட டி.டபிள்யூ.எம். அதன் மூலநிரல் 2000 வரிகளைத் தாண்டலாகாது என்பது ஆக்கியோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நோன்பு. நிறத்தையோ விசையையோ மாற்ற விரும்புவோர், சி மொழியில் எழுதப்பட்ட மூலநிரலையே திருத்தி மீண்டும் தொகுத்துக்கொள்ள வேண்டும்.

முதன்முதலில் இதனை இயக்கியபோது நாம் கண்டது வெறுந்திரை. மேலே ஒரு மெல்லிய பட்டை. அதில் 1 முதல் 9 வரை எண்கள். ஆல்ட், ஷிப்ட், என்டர் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் கட்டளை எழுதும் சாளரம் திறக்கும் என்பதை ஒருவர் சொல்லித்தந்த பின்னரே அறிந்தோம். ஆனால் சில நாள்களில் கை பழகிவிட்டது. சாளரங்கள் ஒன்றையொன்று மறைப்பதில்லை. தரையில் பதித்த ஓடுகளைப்போல் அடுத்தடுத்து நிற்கின்றன. மறையுரை எழுத அமர்ந்தால் மறையுரை மட்டுமே எதிரே நிற்கிறது.

நம்மைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. புதிய சாளரம் திறந்தவுடன், திரையின் இடப்புறத்தில் 55 விழுக்காடு அகலமுள்ள முதன்மை இடம் அதற்கே தரப்படுகிறது. அதுவரை அங்கிருந்த சாளரம் வலப்புறம் ஒதுங்கி, மற்றவற்றோடு அடுக்கில் சேர்கிறது. கடைசியில் வந்தவர்க்கும் நிறைகூலி தந்த திராட்சைத் தோட்ட உரிமையாளரை நினைத்துக்கொண்டோம்.

ஆயினும், இம்மென்பொருளின் அறிமுகவுரையைப் படித்தபோது மனம் சோர்ந்தது. மூலநிரலைத் திருத்தியே பயன்படுத்த வேண்டியிருப்பதால் பயனர் வட்டம் சிறியதாகவும் மேட்டிமை உடையதாகவும் நிலைக்கும், அறிவற்ற கேள்விகளோடு புதியவர் எவரும் வரமாட்டார் என்னும் கருத்தை அங்கே ஒரு சிறப்பாகவே எடுத்துரைத்திருந்தனர். நகைச்சுவைக்காகச் சொன்னது எனலாம். நகைப்பிலும் உள்ளம் வெளிப்படும். புதிய சாளரத்துக்கு முதலிடம் தரும் மென்பொருள், புதிய மனிதருக்குக் கதவைச் சாத்துகிறது!

ஆக்கியோர் பக்கமும் நியாயம் உண்டு. கேட்போர்க்கெல்லாம் கேட்டதைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்த மென்பொருளும் பருத்துவிடும். மேலும், மூலநிரல் யாவருக்கும் திறந்தே இருக்கிறது. கற்க விரும்பும் மாணவன் முழுவதையும் படித்து முடிக்கலாம். இந்தப் பேறு பெரும் மென்பொருள்கள் எதிலும் இல்லை. எனவே வரம்பை நாம் குறைகூறவில்லை. வரம்பைக் கொண்டு பிறரை அளப்பதையே குறைகூறுகிறோம். லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயர் வாரத்திற்கு இருமுறை நோன்பிருந்தது குற்றமன்று. அந்த நோன்பை அளவுகோலாக்கி, பின்னால் நின்ற வரிதண்டுபவரை அளந்ததே குற்றம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கில் உணவுக்கும் உடைக்கும் உறக்கத்துக்கும் அளவு உண்டு. அதே ஒழுங்கின் 53-ஆம் அதிகாரம், வந்து சேரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்குமாறு பணிக்கிறது. அளவும் உண்டு, கதவும் உண்டு. டி.டபிள்யூ.எம். அளவைக் கற்றது, கதவைக் கற்கவில்லை.

இதை எழுதும்போதே நம் ஆலயத்தின் கடைசி இருக்கை கண்முன் நிற்கிறது. எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்றறியாமல் அருகிலிருப்போரைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறும் புதியவர் அங்கே உண்டு. செபங்களையும் பாடல்களையும் மனப்பாடமாக அறிந்த நாம் அவரைத் திரும்பிப் பார்க்கும் பார்வை எத்தகையது? அவர் கேட்கத் தயங்கும் அந்தக் கேள்வியை நாம் எப்பெயரிட்டு அழைக்கிறோம்? மென்பொருளைக் குறைகூறிய நாம் இதற்கும் விடை சொல்லியாக வேண்டும்.