பீப்பாயில் ஏறிய வாசனை

ஜமைக்காவின் டிரெலானி மாவட்டத்தில் ஹாம்ப்டன் என்றொரு பழைய கரும்புத் தோட்டம் இருக்கிறது. 1753இல் தொடங்கியது. அங்கே வடிக்கும் ரம்களில் ஒன்றுக்கு டி.ஓ.கே. என்று பெயர். மூக்கருகே கொண்டுபோனால் நகப்பூச்சு நெடி ஓங்கி அடிக்கும். பின்னாலேயே வார்னிஷ், பசை. அப்படியே குடிப்பதற்காக வடித்ததல்ல அது. வாசமே இல்லாத சாராயத்தில் அதைச் சிறிதளவு கலந்துவிட்டால் நெடி விலகி அன்னாசி எட்டிப்பார்க்கும். கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம் வரும். ரம் கடல் கடந்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிறிதளவுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

கதையின் மறுமுனை, கரும்பே விளையாத குளிர்நாட்டில் இருக்கிறது. இன்று ஜெர்மனியின் வடகோடியிலுள்ள ஃபிளென்ஸ்பர்க் அன்று டென்மார்க் அரசின் துறைமுகம். 1755 முதல் அதன் கப்பல்கள் கரீபியக் கடலிலிருந்த டேனிஷ் தீவுகளுக்குப் போய்ச் சர்க்கரையும் ரம்மும் ஏற்றி வந்தன. அந்தச் சரக்கு ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. ஜமைக்காத் தோட்டங்களிலும் 1838 வரை அதே நிலைதான். இதைச் சொல்லாமல் ரம்மின் நயம் பேசுவது நேர்மையாகாது. 1864 போரில் டென்மார்க் தோற்று ஊர் கைமாறியதும் டேனிஷ் தீவுகளின் தொடர்பு நழுவியது. வணிகர்கள் ஜமைக்கா பக்கம் திரும்பினார்கள்.

1880களின் இறுதியில் ஜெர்மனி இறக்குமதி ரம் மீது வரியை உயர்த்தியது. இங்கேதான் வணிகர்களின் கூர்மையை ரசிக்க வேண்டும். சுங்கம் சரக்கின் அளவைப் பார்க்கிறது, வாசனையைப் பார்ப்பதில்லை. அப்படியென்றால் வாசனையை மட்டும் தருவித்தால் என்ன? ஜெர்மனியில் உருளைக்கிழங்கிலும் தானியத்திலும் வடித்த மணமற்ற சாராயத்துக்குப் பஞ்சமில்லை. இருபது பீப்பாயின் மணத்தை ஒரே பீப்பாயில் அடைத்து அனுப்புங்கள், மீதியை இங்கே பார்த்துக்கொள்கிறோம் என்பது ஏற்பாடு. இப்படிக் கலந்த சரக்குக்கு ரம்-ஃபெர்ஷ்னிட் என்று பெயர். நம் சமையலறையில் இதற்கு ஈடான பொருள் பெருங்காயம்: வெளிநாட்டிலிருந்து வரும் கடும் பிசினை இங்கே மாவில் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள்.

இருபது பீப்பாய் மணத்தை ஒன்றில் அடைப்பது எப்படி? ஹாம்ப்டனில் ஊறல் போடும் விதத்தில் விடை இருக்கிறது. திறந்த மரத்தொட்டிகள், ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வேலையைப் பார்க்கின்றன. மொலாசஸோடு, முந்தைய வடிப்பில் வாலையின் அடியில் தங்கிய புளித்த கழிவுநீரையும் ஊற்றுகிறார்கள். டண்டர் என்பார்கள் அதை. கூடவே ‘மக்’ எனப்படும், குழியில் ஊறி நாறும் சேறு போன்ற ஒரு சரக்கு. அதில் பாக்டீரியாக்கள் பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. கெட்டுப்போன வெண்ணெயில் குமட்டுவது இதே அமிலம்தான். இது ஆல்கஹாலோடு கூடும்போது எஸ்டராக மாறுகிறது, அந்த எஸ்டரின் வாசம் அன்னாசி! நாற்றமும் நறுமணமும் இத்தனை நெருங்கிய உறவு என்பதில் எனக்கு வியப்பு தீர்வதே இல்லை. தோட்டத்துத் தொழிலாளர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த இந்த வித்தையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர், ஜமைக்கா அரசின் வேதியியலாளர் எச்.எச். கசின்ஸ்.

எஸ்டரை அளக்க ஒரு கணக்கு உண்டு: நூறு லிட்டர் தூய ஆல்கஹாலில் எத்தனை கிராம் என்பது. ஜமைக்காவில் இதை வைத்தே ரம்மைத் தரம் பிரித்தார்கள். 80 முதல் 150 வரை காமன் கிளீன், அதற்கு மேல் பிளம்மர், 200ஐத் தாண்டினால் வெடர்பர்ன். இவையெல்லாம் ஆங்கிலேயர் நாக்குக்கு. பிறகு ஒரே தாவல்: 700 முதல் 1,600 வரை காண்டினென்டல், அதாவது ஐரோப்பாக் கண்டத்துக்கென்றே வடித்தது. 1,600 என்பது ஜமைக்கா விதித்த உச்சவரம்பு. டி.ஓ.கே. அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இப்போது கடலின் அக்கரைக்குப் போய்ப் பாருங்கள். ரம்-ஃபெர்ஷ்னிட்டில் உள்ள ஆல்கஹாலில் குறைந்தது 5 சதவீதமாவது ரம்மிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஜெர்மன் விதி. 1,600இல் 5 சதவீதம் எவ்வளவு? 80. காமன் கிளீன் தொடங்கும் அதே 80! ஜமைக்காவிலிருந்து கிளம்பிய கடும் வாசனை ஃபிளென்ஸ்பர்க் கிடங்கில் நீர்த்து நீர்த்து, ஜமைக்காவின் எளிய ரம் நிற்கும் படிக்கே வந்து நிற்கிறது. இந்தப் பொருத்தத்தை முதன்முறை கணக்கிட்டுப் பார்த்தபோது, நல்ல வெண்பா ஒன்று தளை தட்டாமல் முடிந்ததைக் கேட்ட சுகம் எனக்கு.

பீப்பாய் முகப்பில் பொறிக்கும் குறிகளையும் நின்று பார்க்க வேண்டும். டி.ஓ.கே. என்பது டெர்மட் ஓவன் கெல்லி-லாசன் என்ற மனிதரின் முதலெழுத்துகள். தோட்டம் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்த காலத்துப் பெயர். எச்.எல்.சி.எஃப். என்ற குறியில் வரும் ‘சி’ காண்டினென்டலைக் குறிக்கிறது. சரக்கு எந்தக் கரைக்குப் போகிறது என்பதே அதன் பெயராகிவிட்டது.

போன இடத்தில் அது வீட்டுப் பொருளாகவே கலந்துவிட்டது. ஜெர்மன் வீடுகளில் ரம்டாப்ஃப் என்ற மண்ஜாடி உண்டு. கோடைத் தொடக்கத்தில் ஸ்ட்ராபெர்ரி, பிறகு செர்ரி, பிளம், பேரிக்காய் என்று அந்தந்தப் பருவத்துப் பழத்தைச் சர்க்கரையும் ரம்மும் சேர்த்து அடுக்கிக்கொண்டே போய், கிறிஸ்துமஸை ஒட்டித் திறப்பார்கள். பனிக்காலத்தில் ஒரு கரண்டியில் கோடை முழுவதும் வந்துவிடும்.

ஃபிளென்ஸ்பர்க்கில் அந்நாளைய ரம் வீடுகளில் மிஞ்சியவை மிகச் சில. 1878இல் தொடங்கிய யோஹான்சன் அவற்றில் ஒன்று. ஹாம்ப்டனோ 2018இல் தன் மண்ணிலேயே முதிரவைத்த ரம்மைத் தன் பெயரிலேயே புட்டியில் அடைத்து வெளியிட்டது. டி.ஓ.கே.யின் பெரும்பகுதி இன்றும் இனிப்புகளுக்கும் வாசனைப் பொருள்களுக்கும்தான் போகிறது, பெயர் வெளியே தெரியாமல்.